மாவுடன் விறகும் சேரட்டும்

ஆப்கானிஸ்தானின் ஏழைக் குடும்பங்களுக்குக் குளிர்கால உணவு வழங்கப்படுவதை விரிவாக எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தேன்; அது எரிபொருளை ஒரே வரியில் கடந்து சென்றது எனக்குக் குறையாகவே படுகிறது. கோதுமை மாவு மூட்டை வீடு வந்து சேர்ந்தாலும், ரொட்டி சுட விறகோ நிலக்கரியோ இல்லாவிட்டால் குழந்தைகளின் பசி ஆறாது. அங்குள்ள பல வீடுகளில் தாழ்வான மேசைக்கடியில் கனல் சட்டியை வைத்து, மேலே கனத்த போர்வையை விரித்து, குடும்பமே அதற்குள் கால் நீட்டி அமர்ந்திருக்கும். 'சந்தலி' எனப்படும் அந்தக் கணப்புக்குக் கரி வாங்க வழியற்றவர்கள் பிளாஸ்டிக்கையும் பழந்துணியையும் அடுப்பிலிட்டு, அந்தப் புகையையே சுவாசிக்கிறார்கள். 2023 ஜனவரிக் கடுங்குளிரில் 150-க்கும் மேற்பட்டோர் இறந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

கோர், படாக்‌ஷான் போன்ற மலை மாகாணங்களில் பனி விழுந்து பாதை அடைபட்டபின் லாரிகள் ஏற முடியாது என்பதால், நவம்பருக்குள்ளேயே பொருள்கள் ஊர்களில் இறக்கப்பட்டிருக்க வேண்டும். கடைத்தெரு இயங்கும் காபூலில் பணமாகவே கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். அதோடு, 2022 டிசம்பரில் தொண்டு நிறுவனங்களில் ஆப்கன் பெண்கள் பணியாற்றத் தாலிபான் அரசு தடை விதித்த பிறகு, ஆண் துணையற்ற விதவைகளின் கதவைத் தட்டி, என்ன தேவை என்று கேட்பதற்கே ஆள் குறைந்துவிட்டது.