சென்ட்டுக்கு எவ்வளவு போடணும்?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா ரேஷன் கார்டு உறையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "மக்கா, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு."

மண்வள அட்டை, வயல் மண்ணைச் சோதித்து என்ன உரம் எவ்வளவு போடணும் என்று அரசு கொடுக்கிற தாள். சித்தப்பா தினமும் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர். அட்டையையும் இரண்டு மூன்று தடவை வாசித்திருக்கிறார். வாசித்தும் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை, அதனால்தான் என்னிடம் வந்தது.

அவருக்கு ஏலாவில், அதாவது தாழ்வான வயல்வெளியில், நாற்பது சென்ட். ஒரு காலத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூவும் (போகமும்) நெல் விளைந்த வயல், இப்போது ஏத்தன் வாழை நிற்கிறது. அட்டையிலோ ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று உரக்கணக்கு. நம் குமரி மாவட்டத்தில் ஹெக்டேரில் பேசுகிற விவசாயி ஒருவரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நமக்குப் பாகம் பிரிப்பதும் சென்ட்டில், அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போவதும் சென்ட்டில். வாழை என்று வந்தால் அதுவும் கிடையாது, மூட்டுக்கு, அதாவது ஒரு வாழைக்கு, எத்தனை பிடி என்பதுதான் கேள்வி.

ஒரு ஹெக்டேர் என்பது 247 சென்ட். ஹெக்டேருக்கு 100 கிலோ என்று இருந்தால் சென்ட்டுக்கு ஏறக்குறைய 400 கிராம், நாற்பது சென்ட்டுக்கு 16 கிலோ. இந்த ஒரு வரியை அட்டையில் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

இந்த மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கியது. தழை, மணி, சாம்பல் சத்துகளோடு கந்தகம், துத்தநாகம், போரான் என்று மொத்தம் 12 விஷயங்களைச் சோதித்துச் சொல்கிறார்கள். சோதனையில் நான் குறை காணவில்லை. சித்தப்பாவின் அட்டையில் இருந்த செய்தியே பெரிய செய்திதான். அமில கார நிலை 5.1. "அஞ்சு நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார். ஏழு நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு. அதிலும் 6-லிருந்து 5-க்கு இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடிவிடும் என்றேன். அப்படியா என்று ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார்.

நம் செம்மண்ணுக்கும் சரல் மண்ணுக்கும் இது புதிதல்ல. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமும் கொட்டுகிற இடம். மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் அரித்துக்கொண்டு போய்விடும். மிச்சமிருக்கும் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்கு விடாது. யூரியா போடப் போட மண் இன்னும் புளிக்கும். மேட்டு விளையில் ரப்பர் வைத்திருப்பவர்கள் இதற்குக் கவலைப்பட வேண்டாம், ரப்பருக்குப் புளிப்பு மண் ஒத்துக்கொள்ளும். வாழைக்கு அப்படி இல்லை.

அடுத்த வரி, மணிச்சத்து 'அதிகம்'. அதற்கடுத்து, சாம்பல் சத்து 'குறைவு'. சித்தப்பா வருஷக்கணக்காகப் போட்டுவருவது பாக்டம்பாஸ் என்கிற கலப்பு உரம். அதில் தழைச்சத்து 20 சதவீதம், மணிச்சத்து 20, கந்தகம் 13, சாம்பல் சத்து பூஜ்யம். குறை அந்த உரத்தில் இல்லை. இருக்கிறதையே மேலும் மேலும் கொட்டிவிட்டு, வாழை ஆளாய்ப் பறக்கிற சாம்பல் சத்தை, அதாவது பொட்டாஷை, குறைத்துப் போட்டிருக்கிறோம்.

அட்டையோடு உரக்கடைக்கும் போயிருக்கிறார். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இருக்கட்டும் அண்ணாச்சி, வழக்கம்போல ஒரு மூடை கொண்டு போங்க" என்றாராம். அவரைத் திட்டி என்ன பயன்? சித்தப்பாவின் கேள்விக்கு மூடைக் கணக்கில் பதில் சொன்ன ஒரே ஆள் அவர்தான். இது அரசுக்கும் தெரியும். ஹைதராபாத்தில் உள்ள மேனேஜ் என்கிற தேசிய வேளாண் விரிவாக்க நிறுவனம் 2003 முதல் உரம், விதை, மருந்து போன்ற இடுபொருள் விற்பவர்களுக்கென்றே ஓராண்டு பட்டயப் படிப்பு நடத்துகிறது. நல்ல காரியம். ஆனாலும் மூடை விற்றால்தான் அவருக்கு லாபம், குறைத்துப் போடச் சொல்லி அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டிபிஎஸ் நெல் ரகங்கள் வந்தன. அம்பாசமுத்திரத்திலிருந்து அம்பை 16 வந்தது. அவற்றைப் பரப்ப யாரும் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வயலில் கதிர் சாய்ந்து நின்றால் வரப்பில் போகிறவன் கண்ணில் படும், அடுத்த பூவுக்கு அந்த விதையைக் கேட்டு வாங்கிவிடுவான். மண்ணைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அந்த யோகம் இல்லை. 5.1 என்பது வரப்பில் நின்று பார்த்தால் தெரிகிற சமாச்சாரமா? தெரியாத ஒன்றைக் கண்ணுக்குக் காட்ட ஆள் வேண்டும், தாள் போதாது.

இன்னொன்று. தொடக்கத்தில் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேர் கட்டத்துக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று என்று விதி வைத்தார்கள். இரண்டரை ஹெக்டேர் என்றால் அறுநூறு சென்ட்டுக்கு மேல். சமவெளியில் அது சரி. கல்குளம், விளவங்கோடு பக்கம் அந்த அளவுக்குள் மேலே சரல் விளை, சரிவில் மரச்சீனி (மரவள்ளி), கீழே ஏலா, எல்லாம் அடங்கிவிடும், பத்துப் பதினைந்து பேருடைய நிலம் வேறு. ஒருவர் மண் இன்னொருவருக்குச் சாட்சி சொல்லாது.

மாதிரி எடுப்பதில் நாமும் ஒழுங்கில்லை, ஒப்புக்கொள்கிறேன். முதல் தடவை நான் எங்கள் விளை மண்ணை அள்ளிக்கொண்டு போனது காலி உரச் சாக்கில். உரம் ஒட்டிய சாக்கில் மண்ணைப் போட்டுவிட்டு, மண்ணில் என்ன சத்து என்று கேட்கப்போன புத்திசாலி. வரப்போரம், மர நிழல், சாணிக் குழி பக்கம் எல்லாம் விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து இடத்தில் மம்மட்டியால் 'வி' போல வெட்டி எடுக்க வேண்டும். நெல்லுக்கு 15 சென்டிமீட்டர் ஆழம், வாழைக்கு அதைவிட ஆழம். எல்லாவற்றையும் கலந்து, நான்கு பாகமாகப் பிரித்து எதிரெதிர் இரண்டைக் கழித்துக் கழித்து அரைக் கிலோ ஆக்க வேண்டும். உரம் போட்ட கையோடு எடுக்கவே கூடாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அட்டை கொடுக்கிற அன்றைக்கு அந்த ஏலாக்காரர்களை வரப்பில் கூட்டி, உங்கள் நாற்பது சென்ட்டுக்கு இத்தனை கிலோ யூரியா, இத்தனை பொட்டாஷ், இந்த வருஷம் பாக்டம்பாஸ் வேண்டாம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லட்டும். பூ தொடங்குவதற்கு முன்னால் சொல்லட்டும். நட்டு இரண்டு மாதம் கழித்து வருகிற அட்டை ரேஷன் கார்டு உறைக்குத்தான் போகும்.

சித்தப்பாவிடம், புளிப்பைக் குறைக்கப் போடுகிற சுண்ணாம்பையும் யூரியாவையும் சேர்த்துப் போடாதீர்கள், இடையில் இரண்டு வாரமாவது விடுங்கள், இல்லாவிட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நேற்று போன் செய்தார். மொத்தத்துக்கும் போட மனசு வரவில்லையாம், இருபது சென்ட்டில் மட்டும் சுண்ணாம்பு போட்டிருக்கிறார், மீதி இருபது பழையபடியே. அடுத்த வயல்காரர் இரண்டு தடவை வரப்பில் வந்து நின்று, வெள்ளையாக அது என்னவென்று கேட்டுவிட்டுப் போனாராம்.