பதினொன்றாம் எண் கூண்டு

(பாம்பன், வடகடல் கரை. காலை நேரம். மேரி அக்கா மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு காதில் இயர்போன். செல்வம் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வருகிறான்.)

செல்வம்: அக்கா! அக்கோவ்!

மேரி: இரு, நந்தினி பேசுகிறாள்.

செல்வம்: யாரு, தங்கச்சிமடத்தில் கருவாடு விற்கிற நந்தினியா?

மேரி: பழுவூர் இளையராணிடா! பொன்னியின் செல்வன் ஒலிநூல். ஆம்பளை ஒருத்தர் வாசிக்கிறார். நந்தினி வந்தால் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். இந்தக் குரலில் பெரிய பழுவேட்டரையர் மயங்கினார் என்றால் அவருக்குக் காதில் ஏதோ கோளாறு.

செல்வம்: இன்னும் அதிலேயா இருக்கீங்க? நான் ஐந்து பாகமும் முடித்தாச்சு. இரண்டு மடங்கு வேகம் வைத்து.

மேரி: கல்கி 1950-லிருந்து 1954 வரைக்கும் வாரா வாரம் எழுதினார். சனங்கள் அடுத்த இதழ் எப்போ வரும் என்று காத்துக் கிடந்தார்கள். சவாரிக்கு மீட்டர் போடாதவன் நீ, கதைக்கு மட்டும் மீட்டர் போட்டு ஓட்டுகிறாயே!

செல்வம்: மெதுவாகப் போனால் தூக்கம் வருதே அக்கா.

மேரி: எனக்கு நண்டு இருக்கிறது, தூங்க விடாது. இதோ பார், பின்பக்கமாகத்தான் பிடிக்க வேண்டும். காலைச் சுற்றின நூலை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கால் ஒடியும். கால் ஒடிந்தால் விலை போச்சு. கண்ணும் கையும் இங்கே மாட்டிக்கிடக்கு, காது மட்டும்தான் சும்மா... ஆ! கடித்துவிட்டது!

செல்வம்: என்ன ஆச்சு?

மேரி: இந்த மனுசன்தான்! சதி பேசுகிற இடத்தில் குசுகுசு என்றார். காது கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அடுத்த வரியிலேயே "அடே!" என்று ஒரு கத்தல். நான் துள்ளினேன், நண்டு பிடித்துக்கொண்டது.

செல்வம்: அது நடிப்பு அக்கா. உணர்ச்சி!

மேரி: உணர்ச்சி அவருக்கு, கடி எனக்கா? இதுகூடப் பரவாயில்லை. பூங்குழலி ஓடத்தில் வந்தியத்தேவனை ஈழத்துக்குக் கூட்டிப்போகிறாளே, அந்த இடத்தைக் கேட்டாயா?

செல்வம்: கேட்டேன். சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மேரி: நீ வைத்த வேகத்துக்கு அது விசைப்படகாக ஆகியிருக்கும். நான் சொல்ல வந்தது பின்னணிச் சத்தம். கோடிக்கரையில் ஓடம் கிளம்புகிறது, பாறையில் அலை மோதுகிற மாதிரி டமார் டமார் என்று போட்டிருக்கிறார்கள். கோடிக்கரையில் பாறை ஏதுடா? மணலும் சேறும்தானே! கல்கியே அங்கே புதைசேறு இருப்பதாக எழுதியிருக்கிறார். அதைப் படித்துக்கொண்டே ஒருத்தர் பாறையை உருட்டிவிடுகிறார்.

செல்வம்: அதெல்லாம் யாரு அக்கா கவனிக்கப்போறாங்க?

மேரி: நான் கவனிக்கிறேனே! இதே வடகடலைப் பார். அமைதியாக இருக்கும்போது அலை சத்தமே பெரிதாக வராது. படகின் வயிற்றில் தண்ணீர் தட்டும், துடுப்பு வளையத்தில் கிறீச் என்னும், அவ்வளவுதான். அதைப் போட்டிருந்தால் எனக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கும். வீணையையும் சேர்த்து வாசிக்கிறார்கள். நடுக்கடலில் வீணை!

செல்வம்: நான் கேட்பதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் குரல். இலவசம். கத்தாது, இருமாது.

மேரி: சிரிக்குமா?

செல்வம்: சிரிக்கும். "ஹா. ஹா. ஹா." என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். நடுவில் பக்க எண்ணும் சொல்லும். வந்தியத்தேவன் வாளை உருவினான், நூற்றுப் பன்னிரண்டு, என்று.

மேரி: அந்தக் குரலுக்குப் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்ற வேண்டும்.

செல்வம்: எத்தனாம் எண்?

மேரி: நந்தினி குரலுக்கு ஒன்று போதும், தூரத்தில் ஆபத்து. உன் கம்ப்யூட்டருக்குப் பதினொன்று.

செல்வம்: பதினொன்று என்றால் பெரிய புயலா?

மேரி: வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துபோச்சு என்று அர்த்தம்.

செல்வம்: அப்படியென்றால் உங்களுக்கு யார்தான் பிடிக்கும்?

மேரி: நம்ம கடல் ஓசை 90.4 வானொலியில் காற்று வேகம் சொல்கிறார்களே, அந்த மாதிரி. கத்தவும் மாட்டார்கள், அழவும் மாட்டார்கள். கேட்டதுமே வயிறு கலங்கும். இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்று நாமே முடிவு பண்ணிக்கொள்வோம். வாசிக்கிறவர் வாசித்தால் போதும், பயப்பட வேண்டியவள் நான். இல்லை, நடிக்கத்தான் செய்வேன் என்றால் இலங்கை வானொலி அப்துல் ஹமீது மாதிரி உச்சரிப்பாவது இருக்க வேண்டும். இவர் "பூங்குளலி" என்கிறார். ஓடக்காரப் பெண்ணைக் குளத்தில் இறக்கிவிட்டார்.

செல்வம்: இதற்குப் புத்தகத்தையே படித்துவிடலாம் போல.

மேரி: வலையை நீ பிரிக்கிறாயா? ஒலிநூல் வந்ததே படிக்க முடியாதவர்களுக்காகத்தானாம், மகள் சொன்னாள். 1935-ல் இங்கிலாந்தில் பார்வை இல்லாதவர்களுக்கு இசைத்தட்டில் பதிவு பண்ணினார்கள். முதலில் வந்த நாவல்களில் ஒன்று ஜோசப் கான்ராட் எழுதிய புயல் கதை. அவரே கப்பலில் வேலை பார்த்த ஆள். தட்டில் ஒரு பக்கத்துக்கு 25 நிமிடம்தான் பிடிக்குமாம்.

செல்வம்: கப்பல் புயலில் மாட்டின நேரம் பார்த்து எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போடணுமா? 

மேரி: போட்டார்கள். நீ விரலால் தள்ளிவிடுகிறாய்.

செல்வம்: சும்மா சொல்லாதீங்க, ஒரு இடத்தில் பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்டேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று பிடிபடவே இல்லை. வேகத்தில் விட்டுவிட்டேன் போல என்று மறுபடி மறுபடி போட்டேன். தங்கச்சிமடத்தில் இறங்க வேண்டிய சவாரி, ராமேசுவரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாச்சு.

மேரி: அடப்பாவி! எத்தனை தடவை போட்டாலும் பிடிபடாது. கல்கியே அதைப் பட்டென்று சொல்லாமல்தான் விட்டிருக்கிறார்.

செல்வம்: என்னக்கா இப்படிச் சொல்றீங்க!

மேரி: அது கிடக்கட்டும், அந்த ஆள் உன்னைத் திட்டவில்லையா?

செல்வம்: இல்லையே. அவரும் கேட்டுக்கொண்டுதான் வந்தார். இறங்கும்போது காசைக் கொடுத்துவிட்டு, "யார் தம்பி கொன்றது?" என்று என்னைக் கேட்டார்.

மேரி: நீ என்ன சொன்னாய்?

செல்வம்: நூற்றுப் பன்னிரண்டு என்றேன்.