சேண்டி டென்னி லெட் செப்லின் குழுவில் இருந்தாரா?

"லெட் செப்லினை விட்டு விலகித் தனியாகப் பாட வந்தவர் சேண்டி டென்னி" என்று ஒரு படம் வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. சத்துவாச்சாரியில் கிட்டார் பழகும் தம்பி ஒருவன் எனக்கும் அனுப்பினான். தவறான தகவல். லெட் செப்லின் இங்கிலாந்தின் ராக் குழு; டென்னி அதே நாட்டுப் பாடகி.

1968-இல் அவர் சேர்ந்தது ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஃபோக்-ராக் குழுவில். இங்கிலாந்தின் பழைய நாட்டுப்பாட்டுகளை எலெக்ட்ரிக் கிட்டாரோடு பாடியவர்கள். 1969 கடைசியில் விலகி ஃபாதரிங்கே என்று சொந்தக் குழு கட்டினார். அது சீக்கிரமே கலைந்தது. அப்புறம்தான் தனி ஆல்பங்கள். நடுவில் 1974-இல் பழைய குழுவுக்கே ஒருமுறை திரும்பினார். 1978-இல் 31 வயதில் இறந்தார்.

சரி, குழப்பம் எங்கே வந்தது? லெட் செப்லினின் நான்காவது ஆல்பத்தில் 'தி பேட்டில் ஆஃப் எவர்மோர்' என்ற ஒரே பாட்டை அந்தக் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டுடன் விருந்தினராகப் பாடினார். இசைத்தட்டின் உள்ளுறையில் உறுப்பினர்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு சின்னம் உண்டு. டென்னிக்கும் குட்டியாக மூன்று முக்கோணங்கள் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்தான். ஆனால் புஷ்பப் பல்லக்கு அன்று ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு பாட்டு பாடிவிட்டு இறங்கியவரை அந்த ட்ரூப்பின் ஆள் என்போமா?

தேதியும் உதைக்கிறது. அந்த ஆல்பம் வந்தது 1971 நவம்பரில். டென்னியின் முதல் தனி ஆல்பம் அதே ஆண்டு செப்டம்பரிலேயே வந்துவிட்டது.