"கூட ரெண்டு இஞ்ச்தானே?"

"கூட ரெண்டு இஞ்ச்தானே ஆசாரி, கூட ஒரு ஐநூறு ரூபா போட்டுக்கோங்க."

எங்க பட்டறையில் அதிகம் கேட்கும் வசனம் இதுதான். சொல்பவர் கஞ்சர் எல்லாம் இல்லை. துணிக்கடையில் ரெண்டு மீட்டர் கூடக் கிழித்தால் ரெண்டு மீட்டருக்குக் காசு கொடுத்துப் பழகியவர், அதே கணக்கைக் கத்திக்கும் போடுகிறார். கத்தியில் அந்தக் கணக்கு ஓடாது. ஏன் ஓடாது என்று ஒவ்வொருத்தரிடமும் நின்று பேசினால் உலை அணைந்துவிடும், அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவுதான், பொறுத்துக்கோங்க.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பூதப்பாண்டிப் பக்கம் எங்க பட்டறை. உலையும் அடியும் அண்ணன் பொறுப்பு. ராவுவது (அரத்தால் தேய்ப்பது), சாணை பிடிப்பது, பிடி போடுவது, போன் எடுப்பது, திட்டு வாங்குவது என் பொறுப்பு. வெட்டுகத்தி, பாளை அருவாள், கதிர் அருவாள் எல்லாம் அப்பா காலத்து வேலை. இப்போதும் உண்டு, ஆனால் குறைவு. இன்றைக்குப் பட்டறையை ஓட்டுவது ஆள் பார்த்து, அளவு கேட்டுச் செய்யும் பெரிய கத்திகள்தான். கறிக்கடைக்காரர், குளச்சலில் சூரை, கேரை மாதிரி பெரிய மீன்களைத் துண்டு போடுகிறவர், கோவில் அசனத்துக்கு (ஊர் விருந்துக்கு) சமைக்கிறவர், கப்பலில் சமையல் வேலைக்குப் போகிறவர் என்று பலதரப்பட்ட ஆட்கள் வருகிறார்கள்.

முதலில் கணக்கு. 6 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம், 3 மில்லிமீட்டர் கனம் உள்ள இரும்புப் பட்டை ஒன்றை எடுத்துக்கோங்க. எடை சுமார் 135 கிராம். இப்போது 12 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 5 மில்லிமீட்டர் கனம். இது 900 கிராம் வந்துவிடும். நீளம் ரெண்டு மடங்கு, எடை ஆறரை மடங்குக்கும் மேல். தேய்க்க வேண்டிய பரப்பு ஒரு பக்கத்துக்கு 9 சதுர அங்குலத்தில் இருந்து 36 ஆகிறது. நாலு மடங்கு. வாங்குகிறவர் கண்ணில் படுவது நீளம் மட்டும். எங்க தோளில் ஏறுவது பரப்பும் எடையும்.

உலையில் இருந்தே பிரச்சினை தொடங்கிவிடும். சிரட்டைக்கரி உலையில் நல்ல சூடு நிற்கிற இடம் ஒரு சாண் அகலம் இருந்தால் பெரிசு. சின்னக் கத்தி அதற்குள் முழுசாக அடங்கும். பெரிய கத்தி அடங்காது. ஒரு சூட்டுக்கு ஒரு சாண் அடித்து, திரும்ப வைத்து, அடுத்த சாண் அடிக்கணும். அடித்த இடத்துக்கும் அடிக்காத இடத்துக்கும் நடுவில் மேடு விழும், அதைச் சமன் பண்ண இன்னொரு சூடு. இதற்கிடையில் முதுகு பிடிப்பக்கம் தடித்து முனைப்பக்கம் மெலிந்துகொண்டே போகணும். இல்லாவிட்டால் கத்தி கையில் கடப்பாரை மாதிரி தொங்கும். இந்தச் சரிவைச் சுத்தியலில் கொண்டுவருவதற்குத்தான் அண்ணனுக்கு மணிக்கணக்கில் ஆகிறது. பார்க்கிறவருக்கு இரும்பைச் சும்மா தட்டிக்கொண்டிருக்கிற மாதிரிதான் இருக்கும்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்கிறீர்களே, அது ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) சும்மா கிடைப்பதுதானே என்று கேட்பார்கள். கிடைக்கும். ஆனால் வருஷக்கணக்கில் பாரம் சுமந்து வளைந்து நிமிர்ந்த இரும்பு அது. உள்ளுக்குள் மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 6 அங்குலத்துக்கு நல்ல துண்டு பார்த்து வெட்டிக்கொள்ளலாம். கத்தி பெரிசானால் பிடிக்குள் போகும் வாலையும் சேர்த்து ஒன்றரை அடி வேணும். அத்தனை நீளத்துக்குக் குற்றமில்லாத பழைய பட்டை அமைவது நம்ம அதிர்ஷ்டம். அதனால் பெரிய கத்திக்கு நாங்கள் புதுப் பட்டைதான் வாங்குகிறோம்.

அடுத்து தோய்ச்சல், அதாவது பழுக்கக் காய்ச்சின கத்தியை எண்ணெயில் முக்கி இறுக வைப்பது. பட்டறையில் யாரும் யாரோடும் பேசாத நேரம் அது. சாயங்காலம் வெளிச்சம் மங்கின பிறகுதான் அண்ணன் இதற்கு நிற்பார். வெயிலில் இரும்பின் நிறம் கண்ணை ஏமாற்றும். அதற்கு முன்னாலேயே மூன்று தடவை சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டிருப்போம். அடியில் இரும்புக்குள் ஏறின இறுக்கம் போகணும், அதற்காக. பிறகு கத்தியை உலைக்குள் முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி ஒரே நிறத்துக்குக் கொண்டுவரணும். காந்தத்தைக் காட்டுவார். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். ஸ்பிரிங் எஃகுக்கு அதற்கும் மேலே கொஞ்சம் போகணும், 830 பக்கம். முனை மெல்லிசு, முந்திச் சிவக்கும். பிடிப்பக்கம் தடிமன், பிந்தித்தான் ஏறும். முனை வெந்துபோகாமல் பிடிப்பக்கம் ஏறுகிற வரை காத்திருக்கிற அந்தப் பொறுமை 12 அங்குலத்தில்தான் ஆளைச் சோதிக்கும்.

எண்ணெயும் பச்சையாக இருக்கக்கூடாது. 50, 60 டிகிரிக்குச் சூடு பண்ணி வைத்திருப்போம். நிமிர்ந்த குழாயில், ஆழமாக. கத்தி நேராக உள்ளே போகும், தீ குப்பென்று எழும்பும், அடங்கும். வெளியே எடுத்ததும் அண்ணன் அதைத் துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடி முதுகோடு பார்ப்பார். நீளக் கத்தி ஏதாவது ஒரு பக்கம் சாயாமல் வருவது அபூர்வம். சாய்ந்திருந்தால் தடித்த கையுறை போட்ட கையாலேயே நிமிர்த்தணும். அதற்குக் கிடைக்கிற நேரம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. 200 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் இரும்பு இறுகிவிடும், அப்புறம் நிமிர்த்தப் போனால் ரெண்டாக முறியும். சில நாள் எண்ணெய்க்குள் இருக்கும்போதே 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் கைகழுவிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அதுவரை போட்ட அத்தனை நேரமும் ஆக்கர் கடைக்கு.

இந்த நஷ்டத்தை யார் தாங்குவது? அமெரிக்காவில் 1976 முதல் கத்திக் கொல்லர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதில் முதல் தகுதி வாங்கணும் என்றால், செய்துகொண்டு போகிற கத்தியால் தொங்கவிட்ட ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வெட்டில் அறுக்கணும். ரெண்டுக்கு நாலு அங்குல மரச்சட்டத்தை ரெண்டு தடவை வெட்டித் துண்டாக்கணும். அதன்பிறகும் அதே வாய் (வெட்டும் விளிம்பு) கைமயிரை மழிக்கணும். கடைசியில் வைஸில் பிடித்து 90 டிகிரி வளைப்பார்கள், கத்தி முறியக்கூடாது. அந்தக் கத்திக்கே அலகின் நீளம் 10 அங்குலம்தான் உச்சவரம்பு. பாஸானாலும் கத்தி வளைந்து வீணாய்ப் போகும், ஆனால் கற்றது கையில் நிற்கும். அங்கே அந்தச் செலவை அடுத்த கத்தியின் விலையில் தயங்காமல் சேர்க்கிறார்கள். நம்ம ஊரில் உடைந்த கத்திக்கு யாரும் காசு தரமாட்டார்கள் என்பது சரி. உடையாத கத்தியின் விலைக்குள் அதற்கு ஒரு பங்கு இருக்கு என்பதையாவது ஒத்துக்கொள்ளணும்.

தோய்ச்சல் முடிந்த கத்தி கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் உடையும். அதைப் பதம் இறக்கணும், அதாவது மிதமான சூட்டில் வைத்து அந்த உடையும் குணத்தைக் குறைக்கணும். வெட்டுகத்திக்கு அப்பா செய்தது வேற முறை. வாயை மட்டும் தண்ணியில் தோய்த்து எடுத்து, முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்க்கு இறங்குவதை நிறத்தில் பார்ப்பார். வைக்கோல் நிறம், தவிட்டு நிறம், ஊதா என்று ஓடிவரும், சரியான இடத்தில் மறுபடி தண்ணி. சில நிமிஷத்தில் முடிந்துவிடும். முதுகு இளக்கமாக இருப்பதால் மரத்தில் ஓங்கி வெட்டினாலும் அதிர்ச்சியைத் தாங்கும். மெல்லிசாக இழுத்து அறுக்கிற நீளக் கத்திக்கு அந்த முறை பத்தாது. 200 டிகிரி பக்கம் ரெண்டு மணி நேரம், ஆறவிட்டு, திரும்ப ரெண்டு மணி நேரம் வைக்கணும். வீட்டில் கேக் சுடுகிற ஓவனில் இத்தனை நீளக் கத்தி குறுக்கே வைத்தாலும் போகாது. மூடிப்போன பேக்கரியின் பழைய ஓவன் ஒன்றை வாங்கிப் போட்டோம், அதற்கே பட்டறையில் ஒரு மூலை போய்விட்டது.

இதுவரை சொன்னது பாதி. வீடியோ எடுக்க வருகிற பிள்ளைகளுக்கு நெருப்பும் பொறியும்தான் வேணும். தேய்ப்பதைக் காட்டினால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் பெரிய கத்தியில் நேரம் சாப்பிடுவது தேய்ப்புதான். பெல்ட் கிரைண்டரில் ரெண்டு பக்கமும் சமமாக, அரை மில்லிமீட்டர் அந்தப்பக்கம் இந்தப்பக்கம் போகாமல் இறக்கணும். பதம் இறங்கிய இரும்பு சூடானால் பதம் போய்விடும், அதனால் ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணியில் முக்கணும். பிறகு கையால் எமரித் தாள். சொரசொரப்பான 120-ஆம் நம்பரில் தொடங்கி 220, 400, 600 என்று நைசாகிக்கொண்டே போகும். ஒவ்வொன்றும் முந்தினதின் கீறல் முழுசாக மறைகிற வரை. 600-க்கு வந்தபிறகு 120-இன் கீறல் ஒன்று நடுவில் சிரித்தால், திரும்பக் கீழே இறங்கணும். 36 சதுர அங்குலத்தில் அப்படி ஒரு கீறல் ஒளிந்துகொள்ள எவ்வளவு இடம் என்று யோசித்துப் பாருங்க. பிடிக்கு அயினி மரமோ பூவரசோ வைத்து ஒட்டினால் பசை இறுக ஒரு முழுநாள் தொடக்கூடாது.

இங்கே நம்ம தொழில்காரர்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கு. "முழுக்க முழுக்கக் கைவேலை, மெஷினே தொடவில்லை" என்று போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். எங்க பட்டறையில் புளோயர் உண்டு, கிரைண்டர் உண்டு, காசு கூடினால் பவர் ஹாமரும் வாங்குவோம். துருத்தி மிதிக்க ஆள் வைத்தால் கத்தியின் தரம் ஏறப்போவதில்லை, மிதிக்கிறவருக்கு முதுகுவலிதான் ஏறும். மெஷின் மிச்சம் பிடித்துத் தரும் நேரத்தை, மெஷினால் பார்க்க முடியாத இடத்தில் போடலாம். நிறம் பார்ப்பது, நிமிர்த்துவது, வாய் எடுப்பது எல்லாம் அந்த இடம்தான். அடிக்காமல் பட்டையை வெட்டித் தேய்த்தே கத்தி செய்பவரையும் நான் குறைசொல்லமாட்டேன், அதுவும் நேரம் தின்கிற வேலைதான். தேய்த்துச் செய்ததை அடித்துச் செய்ததாகச் சொல்லி விற்பதுதான் அயோக்கியத்தனம்.

விலைக்கு வருகிறேன். கொத்தனாருக்கு இன்றைக்கு ஆயிரத்துக்கு மேல் நாள் சம்பளம் கொடுக்கிறோம். அவர் டீ குடிக்க இறங்குகிற நேரத்துக்கும் சேர்த்துத்தான். யாரும் முணுமுணுப்பதில்லை, அது நியாயமும்கூட. கொல்லனுக்கு மட்டும் நேரத்துக்குக் கூலி என்ற பேச்சே இல்லை, பொருளைப் பார்த்துத்தான் காசு. எனக்கு இதற்கு ஒரு காரணம் தோன்றுகிறது. தாத்தா காலத்தில் நாஞ்சில் நாட்டு வயல்களில் அறுப்பு முடிந்ததும் களத்தில் கொல்லனுக்கும் தச்சனுக்கும் நெல் அளப்பார்கள். வருஷம் முழுக்க அருவாள் தட்டிக் கொடுத்ததுக்கும் கலப்பைக் கொழு அடித்ததுக்கும் சேர்த்து அளக்கிற நெல் அது. ஒரு அருவாளுக்கு எத்தனை நேரம் என்று யாரும் கேட்கவில்லை, கேட்க அவசியமும் இல்லை. அதைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். களத்து ஓரத்தில் கையைக் கட்டி நின்று வாங்கின நெல் அது, எங்க வீட்டில் யாருக்கும் அந்த நாள் திரும்ப வேண்டாம். ஆனால் நெல் நின்றுபோனபோது அது சுமந்த நேரக்கூலியும் கூடவே போய்விட்டது. கத்திக்கு விலை என்று ஒன்று மிஞ்சியது, அதில் எங்க நேரம் சேரவே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தாலும் பரவாயில்லை. தமிழனின் ஊட்ஸ் என்ற பழங்கால எஃகு, கொடுமணல் அகழாய்வில் கிடைத்த உலை, 1819-இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயே ஆராய்ந்து பார்த்த இரும்பு என்று வாரம் ஒரு பதிவு வருகிறது. எல்லாம் உண்மைதான், எனக்கும் பெருமைதான். அதைப் பகிர்ந்த அதே கையால் "ஆன்லைனில் 800 ரூபாய்க்குக் கிடைக்குதே ஆசாரி" என்று அனுப்புகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. 800 ரூபாய்க் கத்தி கெட்டது என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு அதுவே போதும் என்று பலரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பேச்சிலும் நேரம் போகிறது. ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திக்கு ஒரு வரம்பு இருக்கு. வீட்டு வேலை, விவசாயம், தொழில் என்று உபயோகத்துக்குச் செய்ததற்கு விலக்கு உண்டு. 2021-இல் போலீஸ் பட்டறைகளுக்கெல்லாம் வாங்குபவர் பெயர், முகவரி, எதற்கு என்று எழுதி வைக்கச் சொன்னதில் இருந்து எங்களிடமும் நோட்டு இருக்கு. "சும்மா சுவரில் மாட்ட, வாள் மாதிரி" என்று வருகிறவர்களை உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்த டீயும் எங்க கணக்குதான்.

விலை குறையணும் என்றால் வழி இருக்கு, பேரம் பேசுவது அந்த வழி இல்லை. கண்ணாடிப் பாலிஷ் வேண்டாம், 220-இல் நிறுத்துங்க என்று சொல்லுங்க, கணிசமாக இறங்கும். மீன் அறுப்பதில் ஒரு வித்தியாசமும் தெரியாது. முதுகில் உலைக்கறுப்பை அப்படியே விடச் சொல்லுங்க, பார்க்கவும் நன்றாக இருக்கும். எதை வெட்டப் போறீங்க, எந்தக் கட்டையில் வைத்து வெட்டுவீங்க, எந்தக் கை என்று முதலிலேயே சொல்லிவிடுங்க. 14 அங்குலம் கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு 10 போதும் என்பது பேசினால்தான் தெரிகிறது. கிறிஸ்துமஸுக்கு வேணும் என்றால் டிசம்பரில் வராதீங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரி நனைந்து, கரண்ட் போய், பசை காயாமல் கிடக்கும் காலம் அது. முன்பணம் பாதி, தேதி நாங்கள் சொல்வதுதான்.

மான்கொம்பில் பிடி போட்டுத் தரச்சொல்லி ரகசியமாக மெசேஜ் அனுப்பும் அண்ணன்மாருக்குத் தனியாக: அது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். அயினியில் போட்டுத் தருகிறேன், வந்து நிறம் பாருங்க.