முறைப்பையன் எங்கே?

(கேபிள் போய்விட்டது. வேறு வழியில்லாமல் அத்தை, நித்யாவோடு நெட்ஃபிளிக்ஸில் 'டு ஆல் தி பாய்ஸ் ஐவ் லவ்டு பிஃபோர்' பார்க்கிறார்.)

அத்தை: மனதுக்குப் பிடித்த பையன்களுக்கு இவள் எழுதிய கடிதங்களை அனுப்பவே போவதில்லை என்கிறாய். பிறகு எதற்கடி உறை போட்டு விலாசமும் எழுதி வைத்திருக்கிறாள்?

நித்யா: அப்போதுதானே அவள் தங்கச்சி அதைத் தபாலில் போட முடியும்! போடாவிட்டால் படமே கிடையாது அத்தை.

அத்தை: சரி. பெயர் லாரா ஜீன். முகம் வெள்ளைக்காரி மாதிரி இல்லையே?

நித்யா: அம்மா கொரியா, அப்பா வெள்ளைக்காரர். படம் வந்த 2018-இல் இது பெரிய விஷயம். நாவலை எழுதிய ஜென்னி ஹானிடம், நாயகியை வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றலாமா என்று கேட்டவர்கள் உண்டு. குணம் சரியாக வந்தால் போதும், இனம் எதுவானால் என்ன என்றாராம் ஒரு தயாரிப்பாளர். ஆசியப் பெண்தான் நடிப்பாள் என்று ஒத்துக்கொண்டது ஒரே ஒரு நிறுவனம்.

அத்தை: பெண் பார்க்க வருகிறவர்களும் இதைத்தான் சொல்வார்கள். "எங்களுக்குக் குணம்தான் முக்கியம்." காபியைக் குடித்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது, "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி." இவளாவது கொரியாதானே?

நித்யா: நடிக்கிற லானா காண்டர் வியட்நாமில் பிறந்தவர். அமெரிக்கத் தம்பதி தத்தெடுத்து வளர்த்தார்கள்.

அத்தை: பரவாயில்லை. மதுரைப் பெண்ணாக மும்பைப் பெண் வாயசைப்பதற்கு இது எவ்வளவோ பக்கம்.

(திரையிலும் சோபாவில் உட்கார்ந்து ஒரு படம் பார்க்கிறார்கள்.)

அத்தை: அது என்ன படம்?

நித்யா: 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்', 1984. வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த ஆசியப் பையன் ஒருவன் வருவான். அவன் தலை தெரிந்தாலே பின்னணியில் 'டொய்ங்' என்று வெண்கலத் தட்டு அடிக்கும்.

அத்தை: எதற்கு?

நித்யா: சிரிப்பதற்கு.

அத்தை: படிக்க வந்த பிள்ளைக்கு மணியா? கோயில் யானையா வருகிறது?

நித்யா: இந்தத் தங்கச்சியே சொல்கிறாள், படுமோசமான இனவெறி என்று. பிறகு ஏன் பார்க்கிறீர்கள் என்றால், அதில் வருகிற கதாநாயகனுக்காகவாம்.

அத்தை: நியாயமான பதில். நான் மட்டும் ஒன்பது மணி சீரியலைக் கதைக்காகவா பார்க்கிறேன்?

(நித்யா அதற்குமேல் கேட்கவில்லை.)

அத்தை: ஆமாம், ஐந்து பேருக்குக் கடிதம் எழுதினாளே, அதில் கொரியாக்காரன் எத்தனை பேர்?

நித்யா: ஒருத்தனும் இல்லை.

அத்தை: சீனா, ஜப்பான்?

நித்யா: ம்ஹூம்.

அத்தை: அம்மா வழியில் ஒரு முறைப்பையன்கூடவா இல்லை? ஒன்றுவிட்ட மாமா பையன்?

நித்யா: ஐயோ அத்தை, அங்கே அதெல்லாம் கூடாது! ஆனால் படம் வந்தபோது அமெரிக்காவிலும் கேட்டார்கள். நாயகி ஆசியப் பெண்தான் என்று அவ்வளவு போராடியவர்கள், பையன்களில் ஒருவனையாவது ஆசியனாக வைத்திருக்கக் கூடாதா என்று.

அத்தை: நான் கேட்டால் "ஐயோ அத்தை." அமெரிக்காக்காரன் கேட்டால் விமர்சனம்!

நித்யா: உங்களுக்கு 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரைத்தான் போட வேண்டும். 2020-இல் வந்தது. நாயகி தேவி, கலிஃபோர்னியாவில் வளர்கிற தமிழ்ப் பெண். நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் பிறந்த ஈழத்தமிழர். சுமார் 15,000 பேரில் தேர்ந்தெடுத்தார்கள்.

அத்தை: 15,000-ஆ! உன் அண்ணனுக்கு நாற்பது ஐம்பது ஜாதகத்திலேயே எங்களுக்குக் கண் கட்டிவிட்டது. அவனோ ஆபீஸ் பெண்தான் வேண்டும் என்கிறான். அதை விடு. தேவி யாரை விரும்புகிறாள்?

நித்யா: முதலில் பாக்ஸ்டன், பாதி ஜப்பானியன். அப்புறம் பென், யூதப் பையன்.

அத்தை: மறுபடியுமா!

நித்யா: பொறுங்கள். மூன்றாவது சீசனில் டெஸ் வருகிறான். இந்தியக் குடும்பம், நன்றாகப் படிக்கிறவன், அழகன். தேவியின் அம்மாவுக்குச் சிநேகிதி மகன்.

அத்தை: அப்படிச் சொல்! அப்புறம்?

நித்யா: அவன் அம்மாவுக்குத் தேவியைப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்றார். விட்டுவிட்டான்.

அத்தை: அம்மா சொன்னதுமா?

நித்யா: சொன்னதும்.

அத்தை: நம் வீட்டுப் பிள்ளைகளை இவ்வளவு அச்சு அசலாக யாரடி எடுத்தது! அந்த சீசனை முதலில் போடு. அந்த அம்மா என்ன சொல்லி மறித்தாள் என்று பார்க்க வேண்டும். உன் அண்ணன் விஷயத்துக்கு ஆகும்.