துவாலு பெரிதானது உண்மை, கடல் ஏறவில்லை என்பது உண்மையல்ல

பசிபிக் பெருங்கடலில் உள்ள துவாலு என்னும் சிறு தீவு நாட்டைப் பற்றி, "துவாலுவின் நிலப்பரப்பு கூடியிருக்கிறது, அதனால் கடல் மட்டம் ஏறுகிறது என்பதே புரளி" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1971 முதல் 2014 வரை அங்கே நிலம் 2.9 சதவீதம் கூடியது. ஆனால் அதே காலத்தில் கடல் மட்டம் ஏறியதையும் அந்த ஆய்வே சொல்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நிலம் கூடியதற்குக் காரணம் அலைகள். பவளப்பாறைத் துகள்களையும் மணலையும் கொண்டுவந்து ஒரு கரையில் குவிக்கின்றன, இன்னொரு கரையை அரிக்கின்றன. இப்படிச் சேரும் மணல் திட்டில் உடனே வீடு கட்டவோ பயிர் வைக்கவோ முடியாது. அப்புறம், பரப்பு கூடினால் உயரமும் கூடிவிடாது. துவாலுவின் மிக உயரமான இடமே 5 மீட்டரைத் தொடாது. பெரிய ஓதங்களின்போது தலைநகர் ஃபுனாஃபுட்டியில் தண்ணீர் கரையைத் தாண்டி மட்டும் வருவதில்லை, துளைகள் நிறைந்த பவளத் தரை வழியாக அடியிலிருந்தும் ஊறி வருகிறது. புலாக்கா என்னும் சேம்புவகைக் கிழங்கை நன்னீர் ஊறும் குழி தோண்டித்தான் வளர்ப்பார்கள். அந்தக் குழிகளில் உப்பேறினால் பயிர் போய்விடும். நிலப்பரப்பை அளக்க உதவும் செயற்கைக்கோள் படத்தில் இது எதுவும் தெரியாது.

இந்த ஆபத்தைக் கருதித்தான், ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேற வழிசெய்யும் ஒப்பந்தத்தில் 2023-ல் துவாலு கையெழுத்திட்டது. மொத்த மக்கள்தொகையே சுமார் 11,000 தான். கடல் ஏறியதையும் அந்த ஆய்வு சொல்கிறது என்ற ஒரு வரியையாவது உங்கள் பதிவில் சேர்த்துவிடுங்கள்.