லோகோ வந்தாச்சு, லீக் எங்கேய்யா?

போன வாரம் காலை ஆறு மணிக்கு எங்கள் பழைய டீம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போஸ்டர் வந்து விழுந்தது. சிங்கம் ஒன்று கூடைப்பந்தைக் கவ்விக்கொண்டு முறைக்கிறது. பின்னால் நெருப்பு. கீழே தங்க எழுத்தில் "விரைவில்". அனுப்பினவன் கூடவே பத்து கைதட்டல் பொம்மை போட்டிருந்தான். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "மேட்ச் எந்த ஊர்ல?" நாற்பத்திரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

இந்த "விரைவில்" என்கிற சொல்லைப் பதினைந்து வருசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் தலைமுடியில் பாதி போய்விட்டது. அந்தச் சொல் மட்டும் இன்னும் அதே தங்க எழுத்தில் மின்னுகிறது.

2010-ல் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு, ஐஎம்ஜி-ரிலையன்ஸ் என்கிற விளையாட்டு வணிக நிறுவனத்தோடு முப்பது வருச ஒப்பந்தம் போட்டபோது நாங்கள் கோர்ட்டிலேயே கட்டிப்பிடித்துக் குதித்தோம். முப்பது வருசம்! ஐபிஎல் மாதிரி கூடைப்பந்துக்கும் ஒரு லீக், இதோ, வந்துவிட்டது என்றார்கள். ஜூனியர் பயிற்சி வந்தது, வீரர்களுக்குக் கொஞ்சம் உதவித்தொகை வந்தது. லீக்? அந்த நிறுவனம் 2014-ல் கால்பந்துக்கு ஐஎஸ்எல் நடத்தியது. நமக்கு ஒன்றும் வராமலேயே ஒப்பந்தம் பாதியில் முடிந்தது.

2015-ல் யூபிஏ என்று ஒரு தனியார் லீக். அமெரிக்கப் பணம், எட்டு அணிகள். நம்ம ஊருக்குச் சென்னை ஸ்லாம். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டமைப்பின் அங்கீகாரம் கிடையாது. அங்கீகாரம் இல்லாத லீக்கில் ஆட, ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை பார்க்கும் பையன் என்.ஓ.சி, அதாவது தடையில்லாச் சான்று, கேட்டு எந்த அதிகாரி முன்னால் போய் நிற்பான்? நாலு சீசன் தாக்குப்பிடித்து, 2017-க்குப் பிறகு சத்தமே இல்லை. மூடிவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அழுது முடித்திருப்போம்.

அப்புறம் 2018-ல் மூன்று பேர் ஆடும் 3பிஎல். அது வேறு விளையாட்டு, விடுங்கள். 2022-ல் கூட்டமைப்பே முன்னின்று ஐஎன்பிஎல் என்று ஒரு லீக். ஆறு ஊர்ப் பெயரில் ஆறு அணி. கொச்சியில் தொடங்கி, ஆறு அணியும் சர்க்கஸ் கூடாரம் மாதிரி மொத்தமாக ஊர் ஊராகப் போய், 2023 ஜனவரியில் பெங்களூரில் முடித்தார்கள். கோப்பையை ஜெயித்தது யார் தெரியுமா? சென்னை ஹீட்! நம்ம அணி, நம்ம பெயர். அந்த அணி சென்னையில் இறங்கி ஆடி நான் பார்த்ததில்லை. ஜெயித்ததை யூடியூபில்தான் பார்த்தேன். மறுநாள் ஆபீஸில் சொன்னேன். "ஹீட்டா? மியாமியா?" என்று அமெரிக்க அணியைக் கேட்டார்கள். சாம்பியன் ஆன சொந்த ஊரிலேயே இதுதான் நிலைமை. இதற்குப் பெயர் லீக்காம்.

கேட்டால் ஒரு ரெடிமேட் பதில் வைத்திருக்கிறார்கள். "சார், நம்ம நாட்டுல கிரிக்கெட்டைத் தவிர எதையும் பார்க்க ஆள் இல்ல சார்."

ஆள் இல்லையா? மே மாதம் பெரியகுளம் வாருங்கள். சில்வர் ஜூபிலி கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி, அறுபதாவது ஆண்டையெல்லாம் எப்போதோ தாண்டியாச்சு. தேனி மாவட்டத்தில் மாந்தோப்புக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். ஏசி அரங்கம் கிடையாது, சியர் லீடர் கிடையாது, நெருப்பு கக்கும் சிங்கம் கிடையாது. சாயங்காலம் விளக்கைப் போட்டால் கேலரி நிரம்பிவிடும். எனக்குப் பக்கத்தில் ஒரு தடவை பழக்கடைக்காரர் ஒருத்தர், கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஐஓபி வங்கி அணியின் ஆட்டம். எதிரணி சென்டர் மூன்றாவது ஃபவுல் வாங்கியதும் (ஐந்து வாங்கினால் வெளியே) என் தோளைத் தட்டி, "இப்ப பாருங்க, இனிமே இவன் கையைத் தூக்க மாட்டான், உள்ள பூந்து லே-அப்பாப் போடுவாய்ங்க" என்றார். அப்படியே நடந்தது. அடுத்த மூன்று பாலும் உள்ளே. அவர் வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டிவிட்டு ரெஃப்ரியைத் திட்டப் போய்விட்டார். கடற்படை, விமானப்படை என்று வடக்கிலிருந்து வரும் வீரர்களின் உயரம், வேலை, போன வருசம் எங்கே கோட்டை விட்டான் என்பது வரைக்கும் அந்தக் கேலரிக்கு மனப்பாடம். கோயம்புத்தூரில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்குப் போங்கள், கரூருக்குப் போங்கள், இதே கதைதான்.

வயிறு எரிவது இதில்தான். ஆட்டம் இருக்கிறது, ஊர் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, ஐஓபி, ரயில்வே, ஓஎன்ஜிசி என்று அணிகள்கூட இருக்கின்றன. லீக் நடத்த வருகிற புண்ணியவான்கள் மட்டும் இதில் எதையும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. நேராக ஒரு டிசைனரிடம் போய், "ஒரு மிருகம் வரைஞ்சு குடுப்பா" என்கிறார்கள்.

பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 1975-ல் பிபிஏ தொடங்கினார்கள், ஆசியாவின் முதல் தொழில்முறை லீக். எங்கிருந்து அணி பிடித்தார்கள்? ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கம்பெனி அணிகள் ஒன்பதும் சேர்ந்து, இனி நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று கிளம்பிவிட்டன. இன்றைக்கும் அங்கே அணிப் பெயர் சான் மிகேல், ஜினீப்ரா என்று பீர், ஜின் பெயர்தான். அதற்காக ஜனங்கள் உயிரை விடுகிறார்கள். பெயரில் என்ன இருக்கிறது? தாத்தா கத்தின பெயருக்குப் பேரன் கத்துகிறான், அவ்வளவுதான். நம்மிடம் அதே மாதிரி ஐம்பது அறுபது வருசப் பெயர்கள் இருக்கின்றன. அதைக் கிடப்பில் போட்டுவிட்டு, மூன்று வருசத்துக்கு ஒரு புதுப் பெயர், ஒரு புது ஜெர்சி. என் பீரோவில் ஒரு தட்டு முழுக்க செத்துப்போன லீக்குகளின் டி-ஷர்ட். வீட்டுக்காரி ஒன்றை எடுத்து பைக் துடைக்கப் போட்டுவிட்டாள். கோபம்கூட வரவில்லை.

கபடி ஜெயிக்கவில்லையா என்று கிளம்பி வருவீர்கள். கபடியை ஒளிபரப்பிய டிவிக்காரர்களே அந்த லீக்கின் பெரும்பங்கு முதலாளிகள். தங்கள் கடைச் சரக்கை முன்வரிசையில் அடுக்கினார்கள், விற்றது. வாலிபாலைப் பாருங்கள். 2019-ல் ப்ரோ வாலிபால் லீக்கில் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோப்பையைத் தூக்கியது. அடுத்த சீசனுக்குள் கூட்டமைப்புக்கும் நடத்தியவர்களுக்கும் முட்டிக்கொண்டு நீதிமன்றம் வரை போனது. பெரிய அண்ணன் ஐஎஸ்எல்லே 2025-ல் ஒப்பந்தம் புதுப்பிக்காத சிக்கலில் சீசனைத் தொடங்க முடியாமல் முழித்தது. எல்லா இடத்திலும் கையெழுத்துப் போடுகிற இரண்டு பேருக்குத்தான் சண்டை. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு காத்திருப்பவனை யாரும் கேட்பதில்லை.

ஆட்டக்காரன் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2014 ஆசியக் கோப்பையில் சீனாவை அவர்கள் மண்ணிலேயே அடித்தவர்கள் நம்மவர்கள். 2015-ல் அமெரிக்காவின் பெரிய லீக்கான என்பிஏவின் வீரர் தேர்வில் டல்லாஸ் அணி சத்னம் சிங்கை 52-ஆவது ஆளாக எடுத்தபோது இந்தியாவே நிமிர்ந்து பார்த்தது. அவர் என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இடையில் ஊக்கமருந்துத் தடை வேறு வந்தது, அதை மறைக்க வேண்டாம். இப்போது அமெரிக்காவில் மல்யுத்தக் காட்சியில் ஆளைத் தூக்கிப் போடுகிறார். ஏழடி மனிதருக்குச் சொந்த நாட்டில் வருசத்துக்கு முப்பது ஆட்டம் ஆட ஒரு இடம் இருந்ததா? பெண்கள் கதையைச் சொல்லவே வேண்டாம். சென்னை அனிதா பால்துரை ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் ஆடியவர். 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்களுக்காவது போஸ்டர் வருகிறது.

இங்கே "ப்ரொஃபஷனல்" ஆட்டக்காரன் என்றால் என்ன அர்த்தம்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. அவ்வளவுதான். எங்கள் தெருவில் ஒரு பையன், ப்ளஸ் டூ, ஆறடி நாலங்குலம். இடது கையாலும் முடிப்பான், பொறுமையாகப் பாஸ் போடுவான். போன மாதம் அவன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க வெளையாண்டவுக. இவனுக்கு ரயில்வேல கெடைக்குமா?"

"ட்ரயல்ஸ் வரும்க்கா, நான் பாத்துச் சொல்றேன். நல்லா ஆடுறான்."

"நல்லா ஆடுறது இருக்கட்டும். டிகிரியும் வேணுமா, ப்ளஸ் டூ போதுமா? அதச் சொல்லுங்க."

பையன் பின்னால் நின்று பந்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான். அம்மா உள்ளே போனதும் மெதுவாக, "அண்ணே, இந்த வருசம் லீக் இருக்காண்ணே?" என்றான்.

பதினேழு வயசில் இதே கேள்வியை நான் என் சீனியரிடம் கேட்டிருக்கிறேன். அவர் "வரும்டா" என்றார். அந்தப் பொய்யை என்னால் சொல்ல முடியவில்லை. "கோட்டா ட்ரயல்ஸுக்கு சர்டிபிகேட்டையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து வைடா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்று காலையில் அவன் நம்பருக்கு ட்ரயல்ஸ் விவரம் அனுப்பப் போனேன். டிபியில் அந்தச் சிங்கம்.